கை எட்டும் தூரத்தில் ஒரு ரயில் நிலையம்

நகரத்துக்குப் புதிய ரயில் நிலையம் கட்டுவது என்று மேலிடத்தில் முடிவானபோது, கூடவே இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. மக்களைக் கேட்டுத்தான் கட்டுவது. மக்களைக் கேட்பது என்ன லேசான காரியமா? அதற்கு ஒரு ஹால் வேண்டும், பேனர் வேண்டும், பிளாஸ்டிக் நாற்காலிகள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர்கள் வாய் பிளந்து பார்க்க மேசை நிறைய அட்டையில் ஒரு மாதிரி நிலையம் வேண்டும். அந்த மாதிரியைச் செய்தவர்தான் நம்முடைய ஆள். வடிவமைப்பு அலுவலகத்தில் அவரை எல்லோரும் அட்டைக்காரர் என்பார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கலாம்; அதை யாரும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

அட்டைக்காரர் இந்தத் தொழிலுக்கு நேர்வழியில் வந்தவர் அல்லர். முதலில் பல் மருத்துவக் கல்லூரிக்கு பிளாஸ்டர் மாவில் பல் வரிசைகள் செய்துகொடுத்தார். பிறகு அடுக்குமாடி வீடு விற்பவர்களுக்குக் குட்டிக் குட்டிக் கட்டடங்கள் செய்து, சுற்றிலும் பஞ்சில் மரங்கள் நட்டார். அவர் நட்ட மரங்களில் ஒன்றாவது நிஜத்தில் முளைத்ததாகத் தகவல் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், “வேடிக்கை பார்த்துக்கிட்டே இருந்துட்டேன்” என்பார். அது நூற்றுக்கு நூறு உண்மை. மனிதர்கள் ஒரு பொருளை முதலில் எங்கே பார்க்கிறார்கள், ஏன் அங்கே பார்க்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே அவருடைய இளமை ஒழுங்காகச் செலவாகியிருந்தது.

குடியிருந்தது ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், அக்காவின் தையல் கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில். பழைய நிலையத்தின் பின்மதில் எந்தக் காலத்திலோ இடிந்து, ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அரசாங்கத்துக்கு அது தெரியாது, ஊருக்கே தெரியும். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் அதில் நுழைந்து வெளிவந்தால் எதிரே அக்கா கடை. காலையில் துணி கொடுப்பார்கள், மாலையில் வாங்கிக்கொண்டு அதே ஓட்டையில் திரும்பிப்போவார்கள். அக்காவின் வியாபாரத்தில் முக்கால்வாசி அந்த ஓட்டை வழியாக வந்ததுதான்.

அட்டைக்காரரும் தினமும் அந்த ஓட்டையில் புகுந்துதான் வேலைக்குப் போவார். அப்படி ஒருநாள் காலையில் வயிற்றை எக்கிக்கொண்டு புகுந்து போனவர், மதியம் மாதிரி நிலையத்தின் பின்மதிலை ஒட்டினார். ஓட்டை இல்லாமல், வழவழவென்று. வரைபடத்தில் ஓட்டை இல்லை. வரைபடத்தில் இல்லாததைச் செய்கிறவன் அட்டைக்காரன் அல்ல, கவிஞன் என்பது அவருடைய தொழில் தர்மம்.

மாதிரிக்குள் குட்டி விளக்குகள் இருந்தன. ஹாலில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் மூலையில். வயர் குட்டை. எனவே மேசையைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் போட்டார்கள். முன்வாசலும் மணிக்கூண்டும் ஜொலித்தபடி மக்களைப் பார்த்தன. பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

தலைமை வடிவமைப்பாளரான மேடம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வருகிற ஒவ்வொருவர் கையிலும் நகக்கண் அளவுக்கு ஒரு பொம்மை மனிதனைக் கொடுப்பார்கள். “இது நீங்கதான். ஸ்டேஷன்ல எங்க இருக்கணும்னு ஆசையோ அங்க வையுங்க.” அவ்வளவுதான். பொம்மைகள் எங்கே கூடுகின்றனவோ, அங்கே மக்களின் மனம் இருக்கிறது.

அட்டைக்காரருக்கு இது திருவிளையாடல் மாதிரி இருந்தது. தூசி தட்டும் பிரஷ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத தூசியைத் தட்டியபடி பக்கத்திலேயே நின்றார்.

“நான் இவ்ளோ ஒல்லியா?” என்றார் பொம்மையை வாங்கிய ஒருவர்.

“எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் சார்.”

“கொஞ்சம் தொப்பை வெச்சுக் குடுக்க முடியாதா? நான்தான்னு ஒரு நம்பிக்கை வரும்ல.”

ஓர் அம்மாள் கணவரின் பொம்மையையும் தானே பிடுங்கி, மணிக்கூண்டின் அடியில் வைத்தார். “நீங்க இங்கயே நில்லுங்க. நான் டிக்கெட் வாங்கிட்டு வர்ற வரைக்கும் அசையக் கூடாது.” நிஜக் கணவரும் அசையாமல் நின்றார்.

முதல் வாரம் முடிந்தபோது பொம்மைகள் அத்தனையும் முன்வாசல் முற்றத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடைமேடைகளில் ஈ காக்கை இல்லை. மேடம் உருகிப்போனார். “மக்களுக்கு ரயில் முக்கியம் இல்லை, சேர்ந்து நிக்கிறதுதான் முக்கியம்” என்று கூட்டத்தில் பேசினார். முன்முற்றம் வரைபடத்தில் இரண்டு மடங்காக வீங்கியது. அதற்கு இடம் போதாமல் பின்பக்கம் இன்னும் ஒடுங்கியது.

அட்டைக்காரருக்கு மட்டும் ஒரு குடைச்சல். ரயிலுக்கு வந்தவன் ஏன் ரயில் பக்கமே போகமாட்டேன் என்கிறான்? வெயிலுக்கு அஞ்சியா? மாதிரியில் வெயில் இல்லையே. தண்டவாளம் பயமா? அது ஊசி மெல்லிசு. இரண்டு நாள் இதையே யோசித்து, பிரஷ்ஷின் மயிர் பாதி உதிர்ந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் அக்கா வந்தாள்.

“ஏன்டா, ஊரையெல்லாம் கூப்பிட்டுக் கருத்து கேக்குறியே, உன் காலுக்குக் கீழ கடை வெச்சிருக்கேன், என்னைக் கேட்டியா?”

“அனைவரும் வருகன்னு பேனரே போட்டிருக்கேக்கா.”

“முன்பக்கம் போட்டிருக்கே. எங்க தெருவுல இருந்து எட்டிப் பார்க்க எனக்கென்ன ஒட்டகக் கழுத்தா? சரி, என் கடை எங்க?”

“பின்னாடி.”

“பின்னாடின்னா?”

“சுவர் பக்கம்.”

அக்கா தன் பொம்மையைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் குனிந்தாள். வயிறு விளிம்பில் இடித்தது. கை முற்றத்தைத் தாண்டி, மணிக்கூண்டு வரை போய், அங்கே நின்றுவிட்டது.

“அக்கா, கூண்டு! கூண்டு!”

“எட்டலடா. போ, நான் இங்கயே நின்னுக்கறேன்” என்று பொம்மையை முற்றத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

அட்டைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பொம்மைக் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் முடிகிற கோடும் கை முடிகிற கோடும் ஒன்றாக இருந்தன. நின்ற இடத்திலேயே அவருக்குச் சிரிப்பும் வியர்வையும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய் மேடத்தைக் கூட்டிவந்தார்.

மேடமும் ஒரு பொம்மையை எடுத்து எட்டிப் பார்த்தார். எட்டவில்லை. வளையலைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை எட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மக்களோட மனசுன்னு நினைச்சேன். கையோட நீளமா இது?”

“எனக்கும் இப்பதான் மேடம் தெரிஞ்சது.”

“கூட்டத்துல வேற பேசிட்டேனே!” என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். அடுத்த நொடியே அவர் முகத்தில் அட்டைக்காரரின் முகத்தில் இருந்த அதே குறுகுறுப்பு வந்துவிட்டது. “சரி, மேசையை நடுவுல இழுங்க. பின்னாடியும் நின்னா என்ன பண்றாங்கன்னு பார்ப்போம்.”

நீள வயர் வாங்கிவந்து மேசையை இழுத்தார்கள். முதன்முதலாக நிலையத்தின் முதுகு வெளிச்சத்துக்கு வந்தது. பசை வழிந்து காய்ந்திருந்தது, வர்ணம்கூட அடிக்கவில்லை. வெளியே பின்தெருக் கடைகள் வெறும் அட்டைப் பெட்டிகளாக நின்றன. மதில் மட்டும் கன கச்சிதம். அக்கா மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, மதிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“ஓட்டை எங்கடா?”

“வரைபடத்துல இல்லக்கா.”

“இன்னிக்குக் காலையில நீ எது வழியா வேலைக்கு வந்த?”

அட்டைக்காரர் பிரஷ்ஷை ஆராய்ந்தார்.

“புதுசா கட்டி இதை அடைச்சுட்டா, ரயில்ல வர்றவன் பாலம் ஏறி, ரோடு சுத்தி, அரை மணி நேரம் நடந்து வந்து என்கிட்ட சட்டை தைப்பானா? கடையை மூடிட்டு நான் மேல உன் ரூமுக்கு வந்துடறேன். நீ எங்க போறதுன்னு பார்த்துக்க.”

சொல்லிவிட்டு, முற்றத்தில் கிடந்த தன் பொம்மையை எடுத்துவந்து மதிலுக்கு வெளியே, சரியாகத் தன் கடைக்கு எதிரே நிறுத்தினாள்.

“அம்மா, அது ஸ்டேஷனுக்கு வெளியில இருக்கு” என்றார் மேடம்.

“தெரியுதும்மா. உள்ள போக வழி சொல்லுங்க, போறேன்.”

மேடம் அட்டைக்காரரை ஓட்டையைக் காட்டச் சொல்லி, அன்று மாலையே போய்ப் புகுந்து பார்த்தார். துப்பட்டா மாட்டிக்கொண்டது. அக்கா வந்து விடுவித்துவிட்டு, கிழிசலையும் இலவசமாகத் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் அறிவிப்பு வந்தது: பின்பக்கமும் ஒரு வாசல் உண்டு. ஒன்றே ஒன்று. ஞாயிறு மாலைக்குள் பொம்மைகள் எங்கே அதிகம் நிற்கின்றனவோ, அங்கே.

இப்படித்தான் பின்தெருவில் தேர்தல் வந்தது. அக்கா கடைக்கு ஒரு பக்கமும், தெருக்கோடி சலூனுக்கு ஒரு பக்கமுமாகத் தெரு பிரிந்தது. அக்கா, பட்டன் தைக்க வந்தவரைக்கூட ஹாலுக்குப் போய்விட்டு வந்தால்தான் தைப்பேன் என்றாள். சலூன்காரர் ஒரு படி மேலே போய், ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்தில் நுரையோடு இருந்தவரை அப்படியே நடத்திக் கூட்டிவந்தார். “இவர் பாதி வேலையில இருக்காரு, சீக்கிரம் குடுங்க” என்று பொம்மை வாங்கினார்.

ஞாயிறு மதியம் அக்கா தம்பியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். “பொம்மை டப்பா உன்கிட்டதானே இருக்கு? ஒரு கைப்பிடி எடுத்து நம்ம பக்கம் வை.”

“ஆளுக்கு ஒண்ணுதான்க்கா.”

“நான் உன் அக்காடா!”

“அக்காவும் ஒரு ஆள்தானே.”

“மூணு வேளையும் சாப்பாடு யாரு போடறா?”

இது கனமான வாதம். அட்டைக்காரரின் கை டப்பாவுக்குள் போனது. உள்ளே கொஞ்ச நேரம் இருந்தது. ஆனால் நிஜமாக எண்ணிக்கை எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது. தானே ஒரு கைப்பிடி வைத்துவிட்டால் அப்புறம் அது தெரியவே தெரியாது. நேர்மையா, வேடிக்கை பார்க்கிற ஆசையா என்று அவருக்கே பிரித்துச் சொல்ல வராது. கை வெறுமையாக வெளியே வந்தது.

“உனக்கு நைட்டு பட்டினி” என்றாள் அக்கா.

மாலையில் மேடம் வந்து பார்த்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. சலூனுக்கு எதிரே பொம்மைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. சலூன்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாலு பக்கமும் கும்பிட்டார். அட்டைக்காரர் கத்தியை எடுத்து, தான் ஒட்டியதிலேயே மிக அழகான மதிலில், சலூனுக்கு நேராக ஒரு வாசலை வெட்டினார். அக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வெட்டி முடித்த பிறகும் வெட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா பக்கத்தில் வந்து, அந்த வாசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“தாராளமா இருக்கு. வயித்தை எக்க வேண்டாம்” என்றாள். “நம்ம கடை இங்கிருந்து எத்தனை கடை தள்ளி?”

“ஒரு அஞ்சாறு இருக்கும்க்கா.”

“அவ்ளோதானே.” சலூன்காரரைச் சுற்றி வெற்றிக் களிப்பில் நின்ற கூட்டத்தை அக்கா கொஞ்ச நேரம், தோள்பட்டைத் தையல் தையலாக, நிதானமாக நோட்டம் விட்டாள். “முடி வெட்டிக்க வர்றவன் சட்டை போட்டுக்கிட்டுத்தான்டா வருவான்.”