காளிதாஸ் கழித்த இருபது டிகிரி

ஜொகூரின் தம்போயில் கணினி பழுதுபார்க்கும் யோகேஸ்வரிக்குப் பழிவாங்கும் குணமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கு வருடமாக அந்தக் குணத்துக்குத்தான் அவள் சோறு போட்டு வளர்த்தாள்.

பண்டார் தெங்காராவின் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டிய அப்பாவின் சம்பளத்தில் படித்தவள். தெப்ராவில் லியாக்கத் அலியின் உறைமீன் கிடங்கில் பதினோரு வருடம் கணினிகளைப் பார்த்துக்கொண்டாள். ஆர்டர்கள் எல்லாம் லினக்ஸ் ஓடும் ஒரே ஒரு சர்வரில் இருந்தன. சூடு எண்பது டிகிரியைத் தாண்டினால் மணி அடிக்கும்படி அவள்தான் அமைத்திருந்தாள். ஒரு நாள் மணியே அடிக்காமல் அது கருகிப்போனது. ஐந்து நாள் வியாபாரம் படுத்தது.

"யோகேஸ்வரிதான் மணியைக் கெடுத்து வச்சிருக்காங்க" என்று அவளுடைய மேலாளர் காளிதாஸ் எல்லார் முன்னாலும் சொன்னான். திரையில் சூடு எழுபத்தைந்தைத் தாண்டவே இல்லை என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கருகிய பெட்டி பழைய இரும்புக்குப் போனது, அவள் வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. 'சர்வரை எரிச்சவ' என்ற பெயர் அவளுக்கு முன்பே அங்கெல்லாம் போய் நின்றது.

போன மாதம் அந்தக் காளிதாஸே போன் செய்தான்.

"யோகேஸ், புது சர்வர் திடீர் திடீர்னு தானா ஆஃப் ஆவுது லா. சூடு எழுபத்து நாலுதான் காட்டுது. ரெண்டு பேர் வந்து பார்த்துட்டாங்க, பிடிபடல. பழசையெல்லாம் மறந்துட்டு ஒருக்கா வாங்களேன்."

மறப்பதாவது! அன்றைக்கே போனாள்.

எழுபத்து நாலில் எந்த சர்வரும் செத்துப்போகாது. லினக்ஸில் சூட்டை அளக்கும் உணரி சொல்லும் எண், ஆயிரத்தால் பெருக்கிய கணக்கில், ஒரு தனிக் கோப்பில் அப்படியே வந்து விழும். அதைத் திறந்தாள். 94000. அதாவது தொண்ணூற்று நாலு. நடுவில் எவரோ இருபதை விழுங்கியிருக்கிறார்கள்.

உணரிகளின் அமைப்புக் கோப்பைப் பார்த்தாள். வரும் எண்ணில் இருபதைக் கழிக்கச் சொல்லி ஒரு வரி இருந்தது. பக்கத்திலேயே காளிதாஸின் பெயரும் தேதியும். எந்த வரியை மாற்றினாலும் பெயரும் தேதியும் போடுவது அந்த ஆபீஸ் பழக்கம். கை தன்னால் போட்டிருக்கிறது. புது சர்வர் வந்தபோது, நகல் எடுத்து வைத்திருந்த பழைய கோப்பைப் படித்துப் பார்க்காமல் அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறான், மடையன்.

தேதி, பழைய சர்வர் எரிவதற்கு மூன்று வாரம் முன்பு வந்த தைப்பூசம். ஜொகூருக்கு விடுமுறை, எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூருக்கு இல்லை. அன்று சிங்கப்பூர் வாடிக்கையாளர்களுக்குக் கிடங்கைச் சுற்றிக் காட்டியவன் காளிதாஸ். யோகேஸ்வரி கோயிலில் பால்குடம் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் முதலாளியையும் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரையும் வரச் சொன்னாள். எல்லோரும் கூடியதும் அந்த வரியை நீக்கினாள். திரை தொண்ணூற்று நாலுக்கு எகிறியது. மணி அலறியது.

"அலமாக், என்னம்மா இது?" லியாக்கத் அலி காதைப் பொத்திக்கொண்டார்.

"மிஸ்டர் காளிதாஸ் சொல்வாரு, முதலாளி."

காளிதாஸ் திரையில் தன் பெயரைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அவளருகே குனிந்தான். "யோகேஸ், தனியா பேசலாம் லா. மொதல்ல மணியை நிப்பாட்டுங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"சத்தத்துல ஒன்னும் கேக்கல. பலமா சொல்லுங்க."

ஒரு விசையைத் தட்டினால் மணி நின்றுவிடும். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவமாக இல்லையா என்று பிறகு அவள் தங்கை பிரேமலா கேட்டபோது, துளிகூட இல்லை, இனித்தது என்றாள்.

"நான்தான் மாத்தினேன்... கஸ்டமர் முன்னால மணி அடிச்சு மானம் போச்சு, அதான்..."

"அப்போ சர்வரை எரிச்சது யாரு?"

அவன் உதடு மட்டும் அசைந்தது. அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"நான்தான்!" என்று மணிக்கும் மேலாகக் கத்தினான் காளிதாஸ். கிடங்கில் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் யோகேஸ்வரியின் கை விசைப்பலகைக்குப் போனது.