லெம்பிக்காகப் போட்ட ஓட்டு

லெம்பியும் நானும் ஆஸ்டோரியா மீன் ஆலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று டப்பா அடைத்தவர்கள். எங்கள் ஓரிகன் மாநிலத்தில் வேண்டிய அளவு கையெழுத்து சேர்ந்தால் ஜனங்களே ஒரு சட்டத்தை ஓட்டுக்கு விடலாம். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு மூன்று முறை மனு போனது. மூன்று முறையும் லெம்பி தெருத்தெருவாக அலைந்தாள். அவளால் மட்டும் அதில் கையெழுத்துப் போட முடியாது. ஆண் கையெழுத்துதான் செல்லும். என்ன நியாயமோ!

வலை காயப்போடும் இடத்தில் ஒருவன் அவளிடம் கேட்டான்: "மீனுக்கு உப்புப் போடுற கைக்கு ஓட்டு எதுக்கும்மா?"

"உப்பில்லாம நாறிப்போற மீன உன் தலையில கட்டட்டுமா? கையெழுத்தப் போடுய்யா!"

போட்டான்.

1906-லும் 1908-லும் தோற்றோம். அவள் கணவர் ஓஸ்கரியே இரண்டு தடவையும் இதை எதிர்த்து, ஓட்டுப் போடவே போகாதவர். இதற்கிடையில் அவள் பிறந்த நாடான பின்லாந்திலிருந்து அவள் தங்கை, தான் ஓட்டுப் போட்டதாகக் கடிதம் எழுதினாள். லெம்பி அன்று அழுத அழுகை எனக்கு மறக்காது.

1910 தேர்தலன்று அவள் காசநோயில் படுத்த படுக்கையாக இருந்தாள்; நான் பக்கத்தில் இருந்தேன். "இந்த ஒரு தடவை எனக்காகப் போடுங்க" என்று கெஞ்சினாள். ஓஸ்கரி தலையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "போட்டாச்சு லெம்பி! எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசே 'நோ' ஒண்ணுதான். அது பக்கத்துல பெருசா பெருக்கல் குறி போட்டு அடிச்சுட்டேன்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கே குறி போடுகிறோமோ, ஓட்டு அதற்குத்தான். லெம்பிக்கும் அது தெரியும். அவள் சிரித்தாள். "நல்லா பண்ணீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வெளியே போனதும் என்னைப் பார்த்து, "சொல்லிடாத" என்றாள். அந்தத் தடவையும் தோற்றோம். மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

1912-ல் நான்காம் முறை ஓட்டுக்கு வந்தது. "இப்பவும் அந்த 'நோ'வ அடிச்சுட்டு வரேன்" என்று ஓஸ்கரி கிளம்பினார். எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? ஒரு தாளில் 'யெஸ்' என்று எழுதிக் காட்டினேன். "குறிய இதுக்கு நேரா போடணும்" என்றேன்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "அப்போ போன தடவ நான் போட்டது?"

"எதிர்ப்பக்கம் போச்சு" என்றேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போடப் போனார்.