தேதி போட்ட காய்ச்சல்

இந்த நாட்டில் காய்ச்சலுக்குத் தேதி உண்டு. கிளினிக்கில் எம்.சி. என்று ஒரு விடுப்புச் சீட்டு தருவார்கள். அதில் இரண்டு நாள் என்று போட்டிருந்தால், மூன்றாம் நாள் காலை பிள்ளை சீருடையோடு பள்ளியில் நிற்க வேண்டும். கல்யாணமாகி மணப்பாறையிலிருந்து மலேசியாவுக்கு, ஜொகூருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தேன். பத்து வருடத்தில் நானும் பழகிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. சளியும் காய்ச்சலும் வந்து இரண்டு நாளில் விட்டது. சீட்டில் இருந்தபடி மூன்றாம் நாள் அனுப்பிவிட்டேன். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பள்ளி விட்டு வந்தவள் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிறு வலிக்கிறது என்றாள், மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் இங்கேயே சாஆ என்ற ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்த தமிழர். நம்ம ஆள் என்று ஒரு நம்பிக்கை.

“காச்சல்தான் விட்டிருச்சேக்கா! ஸ்போர்ட்ஸ் பிராக்டிஸுக்குப் பயந்துக்கிட்டு ஆக்டிங் போடுது. ஊர்லேர்ந்து வர்றவங்க எல்லாத்துக்கும் பயப்படுறீங்க லா. சும்மா சும்மா எம்.சி. கொடுக்க முடியாது.”

நெஞ்சில் குழாயை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. மணப்பாறையில் எங்கள் அம்மா, காய்ச்சல் விட்டாலும் வாய்க்கு ருசி வரும்வரை எங்களைத் தெருவில் விடமாட்டாள். யாழினி மூன்று நாளாகச் சோற்றை ஒதுக்கியது எனக்குத் தெரியும். பட்டிக்காடு என்று சிரிப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். மறுநாள் பள்ளித் திடலில் ஓடும்போது அவள் மயங்கி விழுந்தாள்.

பெரிய மருத்துவமனையில் மலாய் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். வைரஸால் இதயத் தசை வீங்கியிருக்கிறது, காய்ச்சல் போன பிறகும் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும் என்றார். நர்ஸ் என் தோளைத் தொட்டு, “சபார், காக்” என்றாள். பொறுமையாக இரு அக்கா என்று மலாயில் சொல்கிறாள். “எதுக்குடி பொறுக்கணும்?” என்று தமிழில் கத்தினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து ஒரு குவளை கொண்டுவந்து கொடுத்தாள், பாவம்.

மகள் பிழைத்தாள். ஆனால் ஒரு வருடமாகியும் இதயம் பழைய பலத்துக்கு வரவில்லை. இன்னும் ஓடக் கூடாது. நானும் பொறுக்கவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தக் கிளினிக்கில் போய் உட்காருகிறேன். பிள்ளையோடு வரும் ஒவ்வொரு தாயிடமும் சொல்கிறேன்: காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள், பார்க்காமல் எழுந்திருக்காதீர்கள்.

டாக்டர் ஒருநாள் வெளியே வந்தார். “நான் வேணும்னா செஞ்சேன்? மன்னிச்சிருங்கக்கா. வாராவாரம் இப்படி உக்காந்தா எப்படி லா?”

“என் பொண்ணு ஓடட்டும் டாக்டர். அன்னிக்கு எந்திரிச்சிப் போறேன்.”

இப்போதெல்லாம் அவர் எல்லாப் பிள்ளைகள் நெஞ்சிலும் குழாய் வைக்கிறார். அதற்காக மன்னிக்கப் போவதில்லை.

ஊருக்கே வந்துவிடு என்கிறாள் தங்கை. யாழினியைப் பார்க்கும் டாக்டரம்மா இங்கே இருக்கிறார், எப்படிப் போவது? ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை தன் பிள்ளைகள் மணப்பாறைத் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவதை வீடியோ காலில் காட்டுகிறாள். யாழினி இங்கே நாற்காலியில் உட்கார்ந்து, “அவன் அவுட்டு! அவுட்டு!” என்று கத்துகிறாள். கால்கள் தரையை உதைக்கின்றன. பின்னால் நின்று அவள் நெஞ்சில் கை வைத்திருக்கிறேன். துடிப்பு ஏறுகிறது. அங்கே இன்னும் ஆட்டம் முடியவில்லை.