செருப்பைக் கழற்றச் சொன்ன படம்

“…செருப்பு வாங்கினது நானு. இதே திருப்பதியில கட கடயா ஏறி எறங்கி, எம் பொண்ணு காலுக்குப் போட்டுப் பாத்து வாங்கினது நானு. அத்தக் கழட்டச் சொன்னது யாரு? அத்தச் சொல்லும்மா மொதல்ல!”

ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு மண்டப வாசலுக்கு நான் வந்தபோது காதில் விழுந்தது இதுதான். இதற்கு முன்னால் அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அலிபிரி போகிற சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பேசியவள் எங்கள் ஊர்க்காரி, எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா. பேச்சு வாங்கிக்கொண்டு நின்றவள், பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்ட நாங்கள் அமர்த்திய கம்பெனியில் வேலை பார்க்கிற சின்னப் பெண். கழுத்தில் அட்டை, கையில் வாக்கி டாக்கி. இரண்டு பேருக்கும் நடுவே ஆளுயரத்துக்கு ஒரு தட்டி நின்றது. அந்தத் தட்டியில் அந்த ஒன்பதாம் வகுப்புக்காரி புத்தகப் பையோடு சரளைக்கல் பாதையில் நடந்து வருகிறாள். வெறுங்கால்.

இங்கிருந்து சொன்னால் கதை நிற்காது. கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

ஆந்திராவில், நாகலாபுரத்துப் பக்கம் தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். நான் வகுப்பில் உட்கார்ந்து படித்தது எட்டாவது வரைக்கும். மீதியெல்லாம் ஜெராக்ஸுக்கு வருகிற காகிதங்களிலும் கடை வாசலில் நின்று பேசுகிறவர்களின் வாயிலும் படித்ததுதான். பேசத் தெரிந்தவன் என்று பெற்றோர் கமிட்டியில் என்னையும் சேர்த்துவிட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் தமிழ்ப் பள்ளிக்கூடம். சுற்றியிருக்கிற சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார்கள். ஆட்டோ ஓட்டியவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அவர் போய்விட்டார், மாசச் சம்பளம் யாருக்குத்தான் கசக்கும். பையன்கள் சைக்கிளிலோ யார் பின்னாலாவது தொற்றிக்கொண்டோ வந்துவிட்டார்கள். பெண்பிள்ளைகள்தான் நின்றுபோக ஆரம்பித்தார்கள். நடந்து வரலாம். ஆனால் தோப்பு வழி, ஆளில்லாத பாதை. “படிப்பு எங்க பூடப்போகுது, பொண்ணு பூட்டா?” என்று ஒரு தகப்பன் கேட்டார். ஒரு வேன் வாங்கியே ஆகவேண்டும் என்று கமிட்டியில் முடிவானது.

கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் திருப்பதியில் லாட்ஜிலும் ஆஸ்பத்திரியிலும் காலேஜிலும் இருக்கிறார்கள். சொந்தமாகக் கடை வைத்தவர்கள் உண்டு, ஸ்ரீசிட்டியில் சூப்பர்வைசர்கள் உண்டு. போய்க் கேட்பது யார் என்பதுதான் தகராறு. எங்கள் பக்கம் கல்யாணத்தில் மொய்யைச் சதிவிம்பு என்பார்கள். யார் எழுதினாலும் ஊர், தகப்பன் பேர் எல்லாம் சேர்த்து மைக்கில் கூப்பிடுவார்கள். கொடுக்கிறவனுக்கும் மரியாதை, வாங்குகிறவனுக்கும் மரியாதை, நாளைக்கு அவன் வீட்டில் நீ திருப்பிச் செய்வாய். திருப்பிச் செய்ய முடியாத இடத்தில் போய்க் கேட்டால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பேர்.

“கை நீட்றதுக்கு முன்ன வாய் கூசுதுப்பா,” என்றார் கமிட்டித் தலைவர். அவர்தான் திருப்பதிக் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். கல்யாணம், செல்போன் கடைத் திறப்பு எல்லாம் நடத்துகிறவர்கள், ஒரு காலேஜுக்கு நிதி திரட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். மண்டபம், சாப்பாடு, அழைப்பு, மேடை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வருவதில் அவர்களுக்கு ஒரு பங்கு.

இந்தச் சேதி டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்: “இன்னாங்கடா இது, பிச்சை எடுக்கறதுக்குக்கூட மேஸ்திரி வெக்கறீங்க?”

பெஞ்சில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருத்தர் சும்மா இருக்கவில்லை: “ஊரான் வூட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னானாம். பங்கு அவனுக்கு, கூச்சம் ஒனக்கு.” அதற்கும் சிரித்தோம். அப்புறம் யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருமே எங்களைவிடத் தெளிவாகத்தான் பேசியிருக்கிறார்கள். கூச்சத்தைச் சுமக்க கூலிக்கு ஆள் கிடைக்கும் என்று நாங்கள் நினைத்தோம். மூட்டை என்றால் இன்னொருத்தன் தோளுக்கு மாற்றலாம்.

கம்பெனி மேனேஜர் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நல்ல மனுஷன், சுத்தமான சட்டை, எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். வேன், பாதை, ஆட்டோக்காரர் போன கதை எல்லாவற்றையும் தலைமை ஆசிரியர் விவரமாகச் சொன்னார். மேனேஜர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இதுல எமோஷன் லேது சார்,” என்றார்.

“பொண்ணுங்க படிப்பு நிக்குதே சார்,” என்றார் தலைமை ஆசிரியர்.

“அது இன்ஃபர்மேஷன். எமோஷன் லேகபோத்தே எவரிஸ்தாரண்டி? ஒரு முகம் வேணும். பார்த்தா கொடுக்கணும்னு தோணணும்.”

மனசு இளகாவிட்டால் யார் கொடுப்பார்கள் என்கிறார். அதில் தப்பு சொல்ல முடியவில்லை. நாங்களே அழுகிற பிள்ளைக்குத்தானே முதலில் மிட்டாய் கொடுக்கிறோம்.

அடுத்த வாரம் படம் எடுக்க வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண்களில் அவர்கள் பொறுக்கியது அந்த ஒன்பதாம் வகுப்புக்காரியை. நன்றாகப் பேசுவாள், கண் பெரிசு. நடந்து வருகிற பெண்களிலும் ஒருத்தி. தலைமை ஆசிரியர் அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். அம்மா ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அவள் சந்தோஷமாகச் சரி என்றாள்.

அன்றைக்கே சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் கடைக்கு வந்தாள்.

“அண்ணா, எம் பொண்ண போட்டோ புடிச்சிக்கினு போயிருக்காங்களாமே?”

“ஆமாம்மா. திருப்பதி மண்டபத்துல பெரிசா வெப்பாங்க.”

“எவ்ளோ பெரிசு?”

“ஆளு ஒசரம்.”

“அடியாத்தி!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “எனக்கு ஒண்ணு சின்னதா போட்டுக் குடுண்ணா. ஃபிரேம் போட்டுக்கறேன். சிரிச்சாளா நல்லா?”

எனக்குத் தெரியாது, நான் படத்தைப் பார்க்கவில்லை. சிரித்திருப்பாள் என்றேன்.

கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். திருப்பதியில் நாத்தனாரின் சம்பந்தி வீடு இருக்கிறது, அவர்களையும் வரச் சொன்னாள். எங்கள் ஊரில் அந்தக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. அவளுடைய நைனா காலத்தில் அவர்களுக்குக் காணி நிலம் கிடையாது, மற்றவர் நிலத்தில் கூலி. பெரிய தெரு வழியாகப் போகவேண்டும் என்றால் அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும். சட்டம் எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தெரு முனையில் அவர் குனிந்து நிமிர்வதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். இப்போது அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, கத்திரியும் மல்லியும் போடுகிறார்கள். கல்யாண வீடுகளில் அவள் புருஷன் பேரையும் தகப்பன் பேரோடு மைக்கில் கூப்பிடுகிறார்கள். “ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுவாங்க. எங்களுக்கு அளக்கறதுக்கே இப்பத்தான்ண்ணா வந்துச்சி,” என்று ஒருமுறை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். பெண்ணுக்கு அவள் செருப்பு வாங்குகிற விதமே தனி. விலை பார்ப்பாள்தான், ஆனால் வார் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்து இழுத்துக் கடைக்காரரைப் படுத்தி எடுத்துவிடுவாள்.

படம் எடுக்க வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அவர்களுக்குத் தெரிந்தது கேமராவில் எது நன்றாக விழும் என்பதுதான். பெண் சிரித்தபடி நடந்ததை எடுத்தார்கள், சரிப்படவில்லை. சிரிக்காமல் நடக்கச் சொன்னார்கள். பிறகு, “செருப்பக் கழட்டிட்டு வாம்மா,” என்றார்கள். அவளும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்தாள். பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் சொன்னால் செய்கிற பிள்ளை. தலைமை ஆசிரியர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கல் குத்தும் பார்த்து வா என்று அவர் சொன்னதாக அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வேன்தான் கண்ணில் நின்றது.

இனி மண்டப வாசலுக்கு வரலாம்.

அம்மா புதுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள். தட்டியில் எழுத்து தெலுங்கிலும் இங்கிலீஷிலும் இருந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடத்து விழாவில் தமிழ் மட்டும் இல்லை. அவள் பெண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். பெண் தெலுங்கைப் படித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள்: “செருப்பில்லாத கால்கள், நிற்காத கனவு.” அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் வந்ததும் கேட்ட பேச்சு.

கம்பெனிப் பெண் வாக்கி டாக்கியை இறக்கிக்கொண்டு சொன்னாள்: “ஆண்ட்டி, ஃபோட்டோகிராஃபர்தான் சொன்னாரு. ஃபீல் வரணும்னு… நானும் கவர்மென்ட் ஸ்கூல்தான் ஆண்ட்டி. தப்பா எதுவும் நெனைச்சி செய்யல.”

“ஒன்ன நான் இன்னாம்மா சொல்லப்போறேன். நீ புள்ள. எங்க சம்பந்தி வூட்டுக்காரங்க இப்ப வந்துடுவாங்க. இத்தப் பாத்துட்டு அவங்க இன்னா நெனைப்பாங்க? பொண்ணுக்கு ஒரு செருப்பு வாங்கித் தர வக்கில்லாம, அவ படத்த வெச்சி துட்டு வசூல் பண்ணிக்கினு கீறோம்னுதானே?”

தலைவர் ஓடி வந்தார். “யம்மா, தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. உள்ள பெரிய மனுஷங்க வர்ற நேரம். எல்லாம் நம்ம பொண்ணுங்களுக்காகத்தானே. வேன் வந்தா மொதல்ல ஏறப்போறதே ஒம் பொண்ணுதான்.”

“ஏறட்டும்ண்ணா. செருப்பு போட்டுக்கினு ஏறட்டும்.”

தலைவர் என்னைப் பார்த்தார். பேசத் தெரிந்தவன் என்றுதானே என்னைக் கமிட்டியில் வைத்திருக்கிறார்கள். தட்டியை எடுத்துவிடலாமா என்றேன். மேடையில் ஓடப்போகிற படமும் இதே படம்தான், வேறு எதுவும் கைவசம் இல்லை என்று கம்பெனிப் பெண் வாக்கி டாக்கியில் விசாரித்துச் சொன்னாள். எடுத்தால் வேன் போகிறது. எடுக்காவிட்டால் இவளுடைய முகம் போகிறது. கூச்சத்தைச் சுமக்க நாங்கள் அமர்த்தியவர்கள் சுமக்கவில்லை. அது சுற்றிச் சுற்றி, எங்கள் ஊரிலேயே அதை அதிக காலம் சுமந்த வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது அவ்வளவுதான்.

பெண் அம்மாவின் முந்தானையைப் பிடித்து, “வுடும்மா, போனா போவுது. வூட்டுக்குப் போலாம் வா,” என்றாள். அவள் காலில் அந்தச் செருப்பு இருந்தது, பழுப்பு வாரும் வெள்ளித் தையலுமாக.

வெளியே முதல் கார் வந்து நின்றது. வாசலில் ஒரே மாதிரிப் பட்டுப் புடவை கட்டி, பன்னீர்ச் சொம்பும் சந்தனக் கிண்ணமும் கல்கண்டும் வைத்த தட்டோடு இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வரவேற்பதற்காகக் கம்பெனி கூலிக்கு அழைத்து வந்தவர்கள். வருகிறவர்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்கள் யார் என்று வருகிறவர்களுக்கும் தெரியாது.

அம்மா மண்டபத்தை ஒருமுறை பார்த்தாள், பெண்ணை ஒருமுறை பார்த்தாள். கண்ணைப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். பிறகு கூலிக்கு நின்ற பெண்களில் ஒருத்தியிடம் போய், “குடும்மா கண்ணு, நீ போய் செத்த ஒக்காரு,” என்று தட்டை வாங்கிக்கொண்டாள். தன் பெண்ணைத் தோளைப் பிடித்து இழுத்து வந்து தட்டிக்கு நேர் முன்னால் நிறுத்தினாள். படத்தில் இருந்த வெறுங்காலுக்கு முன்னால் செருப்புக் கால் வந்து நின்றது. பன்னீர்ச் சொம்பைப் பெண்ணின் கையில் கொடுத்தாள். காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து, வீட்டுக் கல்யாணத்தில் கூப்பிடுகிற குரலில், “வாங்க வாங்க, இது எம் பொண்ணு படிக்கிற ஸ்கூலு விசேஷம், துன்னுட்டுத்தான் போவணும்,” என்று சொல்லி, சந்தனக் கிண்ணத்தை அவர்கள் பக்கம் நீட்டினாள்.