எட்டாவது கிராஸில் ஐந்து வியாழக்கிழமைகள்

போன ஜூன் மாதம் நானும் என் கணவர் சாமுவேலும் கிள்ளானிலிருந்து பெங்களூருக்கு வந்து சேர்ந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் சபையில் ஓய்வு பெற்ற தம்பதிகள் விருப்பப்பட்டால் பதினெட்டு மாதம் வேறொரு நாட்டில் ஊழியத்துக்குப் போகலாம். செலவு நம்முடையது, வேலை அவர்கள் சொல்வது. எனக்கு அறுபத்து மூன்று, இவருக்கு அறுபத்தேழு. பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பதற்கு இது மேல் என்று கிளம்பிவிட்டோம். எங்களைப் போலக் கிளம்ப நினைக்கிற ஜோடிகள் நிறையப் பேர் எழுதிக் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததுதான் அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து எங்கள் வாடகை வீடு இருக்கும் பொம்மனஹள்ளிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பேருந்தில் இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. அதில் சில்க் போர்டு சந்திப்பில் மட்டும் நாற்பது நிமிடம் நின்றோம். இவர் அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "வந்துட்டமா?" என்று கேட்டார். வண்டி அதே மேம்பாலத் தூணுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

தமிழ் தெரியும், அதனால் பெங்களூரில் சிக்கல் இருக்காது என்று நினைத்துத்தான் இந்த ஊரைக் கேட்டு வாங்கினோம். பாதி சரி. கடைக்காரர் தமிழில் பேசுவார், பாக்கிச் சில்லறையைக் கன்னடத்தில் எண்ணித் தருவார், பின்னால் நிற்பவரிடம் உருதுவில் சண்டை போடுவார். வீட்டுக்காரம்மா தினமும் மாடிப்படியில் பார்த்தால் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். இவர் பதிலுக்கு நம் ஊர் வழக்கப்படி, "ஆச்சும்மா, நீங்க பசியாறிட்டீங்களா?" என்பார். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சிரிப்பார். ஏன் சிரிக்கிறார் என்று எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் நாள் ஐந்தரைக்குத் தொடங்கும். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வரும். பிடித்து வைத்துவிட்டுத்தான் ஜெபம். எட்டரைக்குச் சபை அலுவலகம். திங்கள், செவ்வாய் அங்கே தாள் வேலை. புதன் முதியோர் இல்லம். வியாழன் வீட்டுச் சந்திப்பு. எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும் என்பது விதி. முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நேரம் நாங்கள் ஒன்றாக இருந்ததே இல்லை. இதைப் பற்றி மேற்கொண்டு எழுதினால் இவர் படிப்பார்.

இன்னொரு விதியும் உண்டு. முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எங்கள் சபை உறுப்பினர் வீட்டில் மட்டும்தான் ஜெபம் செய்யலாம். வெளியார் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது. இவர் எங்கள் ஊர்ச் சபையில் மூப்பர் என்பதால், கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்குத் திருவிருந்து கொடுக்க அனுமதி இருந்தது. ரொட்டித் துண்டும் திராட்சை ரசமும் வைத்த ஒரு சின்னப் பெட்டியை இவர் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். தொப்பியும் அந்தப் பெட்டியுமாகப் பார்த்தால் கேமரா பழுதுபார்க்கிறவர் மாதிரி இருப்பார்.

ஜூலையில் எங்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். "திருமதி டேவிட். நம்பர் 27, எட்டாவது கிராஸ், ஈஜிபுரா. முட்டி ஆபரேஷன். மகன் வீடு. மருமகள் இந்து. திருவிருந்து கேட்டிருக்கிறார். வியாழன் காலை 10." கிராஸ் என்றால் இந்த ஊரில் குறுக்குத் தெரு. எங்கள் சபைப் பதிவேட்டில் கல்யாணமான பெண்களைக் கணவர் பெயரில்தான் எழுதுவார்கள். பழைய பழக்கம், யாரும் மாற்றவில்லை. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கிள்ளானில் ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவில் முப்பது வருடம் பெயர் எழுதிய கை என்னுடையது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திட்ட வசதியாக இருக்கும்.

பொம்மனஹள்ளியிலிருந்து ஈஜிபுரா ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்று எழுபது ரூபாய், ஐம்பது நிமிடம். அன்று நல்ல மழை. ஓட்டுநர் மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எய்ட்த் கிராஸ் ரெண்டு இருக்குதும்மா. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. எதுக்குப் போணும்?"

"ரெண்டு எப்படி இருக்கும்?" என்றேன்.

"இருக்குதே, என்ன பண்றது?"

சீட்டில் எந்தப் பக்கம் என்று இல்லை. இவர் பெருந்தன்மையாக, "பக்கத்துல இருக்கிறதுல விடுங்க தம்பி, நனையாம இருக்கும்" என்றார். இருபத்தேழாம் நம்பர் அங்கே இருந்தது. மூன்றாவது மாடி. ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். வலது முட்டியில் கட்டு, கையில் வாக்கர். "சபையிலிருந்து வர்றோம்" என்றேன். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள வாங்க, மொதல்ல தலையத் தொவட்டுங்க" என்று ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

சுவரில் முருகன் படம் இருந்தது. மருமகள் இந்து என்று சீட்டிலேயே எழுதியிருந்ததே. சந்தேகத்துக்கு எங்கே இடம்? நான் அவரை "அக்கா" என்று கூப்பிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரைத் திருமதி டேவிட் என்றா கூப்பிட முடியும்? ஜெபித்தோம், ஒரு பாட்டுப் பாடினோம். ஆபரேஷன் வலியை அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அம்மா இதே வலியோடுதான் போய்ச் சேர்ந்தார். இவர் பெட்டியைத் திறந்து ரொட்டியைக் கொடுத்தார். அக்கா வலது கைக்குக் கீழே இடது கையை வைத்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். எவ்வளவு பக்தி என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

இப்படி ஐந்து வியாழக்கிழமைகள். அவர் ஒரு வாரம் ரவா இட்லி கொடுப்பார், ஒரு வாரம் உப்புமா கொடுப்பார். நாலாவது வாரம் வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடியில் நடந்தார். இந்த ஊரில் எனக்குக் குழப்பமில்லாமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான். ஆட்டோ வாடகையும் தண்ணீர் நேரமும் மூன்று மொழியும் போட்டுக் குழப்பியதெல்லாம் அந்த மூன்றாவது மாடியில் மறந்துபோகும். வியாழன் எப்போது வரும் என்றிருக்கும்.

ஐந்தாவது வாரம் கழிந்து திங்கட்கிழமை, அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்க்கும் பெண் ஃபோனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஆண்டி, மிஸஸ் டேவிட்டோட மகன் பேசினாரு. அம்மாவப் பார்க்க இதுவரைக்கும் யாருமே வரலயாம்."

"அஞ்சு வாரமாப் போறோமே! முட்டிகூட இப்ப நல்லா மடங்குது" என்றேன்.

"எந்த மாடிக்குப் போறீங்க?"

"மூணாவது மாடி."

"அவங்க வீடு கிரவுண்ட் ஃப்ளோர், ஆண்டி."

இவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். விதியை மீறியது ஒரு பக்கம். யாருக்குத் திருவிருந்து கொடுத்தோம் என்றே தெரியாதது இன்னொரு பக்கம். போதகரிடம் சொன்னோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல அந்த அம்மாவப் போய்ப் பாருங்க" என்றார். எந்த அம்மாவை என்று கேட்காமலே கிளம்பிவிட்டோம்.

ஆறாவது வியாழன் முதலில் மூன்றாவது மாடிக்கே போனோம். உட்காருவதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் இட்லித் தட்டோடு நின்று கேட்டார்.

"தெரியுமே" என்றார்.

"எப்ப தெரியும்?"

"வந்த அன்னைக்கே தெரியும். எங்களுக்கு ஏது சபை? மழைல நனஞ்சு, மூணு மாடி ஏறி, மூச்சு வாங்கிட்டு நின்னீங்க. இது இல்ல, வேற வீடுன்னு மறுபடி எறக்கி விடறதா?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே, அக்கா."

"அப்புறம் எப்படிங்க சொல்றது? நீங்க என் முட்டிக்காக அழுதீங்க. ஆபரேஷன் ஆனதுலருந்து எம் புள்ளைங்ககூட எப்ப நடப்பேன்னுதான் கேட்டாங்க. வலிக்குதான்னு யாரும் கேக்கல." தட்டை இவர் கையில் கொடுத்துவிட்டு, "அந்த ரொட்டிய பிரசாதம்னு நெனச்சு வாங்கிக்கிட்டேன். தப்பா?" என்று கேட்டார்.

முப்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த இவர் தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அன்றுதான் அக்காவின் பெயரைக் கேட்டேன். சரோஜா.

அங்கிருந்து மெயின் ரோட்டைக் கடந்து மற்ற எட்டாவது கிராஸுக்கு நடந்தோம். முந்நூறு மீட்டர்கூட இருக்காது. கீழ் வீடு. மருமகள் கதவைத் திறந்தார், முப்பது வயதிருக்கும். யார் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. கோபமா, நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அம்மா, வெளிர் நீலப் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு வாரமா இப்படித்தான் ஆண்டி" என்றார் மருமகள், தணிந்த குரலில். "ஒன்பதரைக்கே பொடவ மாத்திட்டு சேர்ல உக்காந்துடுவாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க. இன்னைக்கு ஆறாவது வாரம்."

இந்த முறை நான் பெயரைத்தான் முதலில் கேட்டேன். கிரேஸ் என்றார். நடந்ததைச் சொன்னேன். வீடு மாறிப்போனது என்பதைச் சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான காரணம் என்று எனக்கே பட்டது. அவர் சிரிக்கவில்லை.

"வீடு மாறிப் போய்ட்டீங்களா? நான் வேற என்னமோ நெனச்சேன். எம் பையனுக்கு சபைக்கு வெளில பொண்ணு எடுத்தேன் இல்ல, அதுக்குத்தான் எனக்குத் திருவிருந்து இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்." மருமகள் பக்கம் தலையை மட்டும் காட்டினார். "அஞ்சு வாரமா இவகிட்ட நான் மொகம் குடுத்துப் பேசல."

மருமகள் சமையலறைக்குள் போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. கழுவப் பாத்திரம் இருந்ததா என்று தெரியவில்லை. இவர் பெட்டியைத் திறந்தார். ரசம் கொஞ்சம் தரையில் சிந்தியது. கிரேஸ் அக்கா திருவிருந்தை வாங்கிக்கொண்டார், ஆமென் சொன்னார், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, "அடுத்த வியாழன் வரலாமா?" என்று கேட்டேன்.

"வாங்க. ஆனா இனிமே நான் ரெடியாகி உக்காந்திருக்க மாட்டேன்."

அன்று ஆட்டோ கூப்பிடவில்லை. மெயின் ரோட்டில் நின்று நான் அழுதேன். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

வரப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முட்டி சரியாக இருக்கும்போதே வாருங்கள், இங்கே லிஃப்ட் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை குடையில்லாமல் வெளியே போகாதீர்கள். முகவரி கிடைத்தால் அருகில் என்ன கடை, எந்தக் கோயில், ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் எண்ணை மட்டும் நம்பி இந்த ஊரில் யாரும் போவதில்லை, எங்களைத் தவிர. பத்து மணிச் சந்திப்புக்கு எட்டரைக்கே கிளம்புங்கள். பேருந்து இருபது ரூபாய்க்குள் முடியும், ஆனால் ஒரு வண்டி மாற வேண்டும். இதையெல்லாம் விட முக்கியம், கதவு திறந்ததும் பெயரைக் கேளுங்கள். கணவர் பெயரை அல்ல, பிள்ளை பெயரை அல்ல. எதிரில் நிற்கும் ஆளின் பெயரை.

சரோஜா அக்கா வீட்டுக்கு இப்போதும் போகலாம், டீ குடிக்கலாம், ஜெபமும் பெட்டியும் கூடாது என்று போதகர் சொல்லிவிட்டார். போகிறோம். போனால் அவர் பெட்டி எங்கே என்று கேட்கிறார். நாங்கள் இருவரும் டீயை ஊதிக்கொண்டிருப்போம்.

கிரேஸ் அக்கா வீட்டுக்கு அதற்குப் பிறகு நான்கு வியாழன் போயாயிற்று. சொன்னபடியே அவர் நைட்டியில்தான் இருக்கிறார். தலைகூட வாருவதில்லை. அது எங்கள் மேல் கோபமா, இல்லை வீட்டு மனுஷர்களாகிவிட்டோமா என்று எனக்குப் பிடிபடவில்லை. போன வாரம் திருவிருந்து முடிந்து நாங்கள் செருப்பு மாட்டும்போது மருமகள் கேட் வரை வந்தார். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "இப்ப பேசறாங்க ஆண்டி" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விடவில்லை.

பேருந்தில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு இவர் கேட்டார், "அந்தப் பொண்ணு பேரு என்னா?"

நான் கேட்கவே இல்லை.