கண்ணில் வைத்த பொட்டு

விபத்து நிகழாத நாளில், பாதுகாப்பு வகுப்பு எடுப்பவருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நிகழ்ந்த நாளில், இத்தனை நாள் என்ன வேலை செய்தார் என்று கேட்பார்கள். இவ்விரு கேள்விகளுக்கும் விடை சொல்லிக் களைத்தவர்கள் என் துயரை எளிதில் உணர்வார்கள்.

பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்ற பின், மைசூருவில் உலோகத் தகடுகளை அழுத்தி உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். பொறியாளர் ஆபத்துகளைக் கண்டறிந்து கன்னடத்தில் சொல்வார். தமிழ்த் தொழிலாளர்களுக்கு நான் அவற்றை விளக்குவேன். ஆபத்து வேறு, விபத்து வேறு. முன்னதைக் கண்டுகொண்டால் பின்னதைக் காண வேண்டியிராது என்பதே என் முதற்பாடம்.

மூக்கு அரித்தால்

பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரு கைகளாலும் அவற்றை ஒருங்கே அழுத்தினால்தான் மேலிருக்கும் அச்சு இறங்கும். அப்போது கைகள் இரண்டும் வெளியே இருக்கும். ஆனால் இறங்கத் தொடங்கிய அச்சு, கையை எடுத்தாலும் நிற்காது. கோபிநத்தத்திலிருந்து வந்த காளியப்பன், ஒரு பொத்தான் எப்போதும் அழுந்தியே இருக்குமாறு ரப்பர் பட்டையை இறுகச் சுற்றிவிட்டு, ஒற்றைக் கையால் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கடிந்துகொண்டேன். அந்த வலக்கைக்கு ஏதேனும் நேர்ந்தால், மண்டி மொஹல்லாவின் ஒற்றை அறையில் அதையே நம்பியிருக்கும் மனைவியும் மகள்களும் என்னாவார்கள் என்று கேட்டேன். தலைகுனிந்து முழுவதையும் கேட்டவர், மிகப் பணிவாகச் சொன்னார்: “ரெண்டு கையும் பட்டன்லயே இருந்தா, மூக்கு அரிச்சா யாருங்க டீச்சர் சொறியறது?”

கடைசியிலிருந்து

ஆபத்தைக் கட்டுப்படுத்த ஒரு வரிசை உண்டு. இயன்றால் அதை அடியோடு அகற்ற வேண்டும். இயலாவிடில், அதற்கும் மனிதருக்கும் இடையே தடுப்பு அமைக்க வேண்டும். அதன் பின்னரே விதிகள். கையுறையும் தலைக்கவசமும் கடைசி.

மேலாளரோ முதல் வேலையாக எல்லோருக்கும் கையுறை வாங்கிவிட்டார், துளையிடும் இயந்திரத்தில் நிற்பவர்கள் உட்பட. சுழலும் முனையில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்று நானும் பொறியாளரும் மன்றாடிய பிறகே, அவர்களிடமிருந்து அவை திரும்பப் பெறப்பட்டன. மேலாளர் மனவருத்தத்துடன் சொன்னார்: “உங்க வரிசை கரெக்ட்தான் மேடம். ஆனா கடைசியிலிருந்து ஆரம்பிச்சா சீக்கிரம் முடியும்.”

மாமியார்

பொறியாளர் விடாது வற்புறுத்தியதால், பிரஸ்ஸின் இருபுறமும் தூண்கள் நிறுவி ஒளிக்கண் பொருத்தினார்கள். ஒரு தூணிலிருந்து மற்றதற்கு ஒளி செல்லும். இடையில் கை குறுக்கிட்டால் இயந்திரம் அந்தக் கணமே நின்றுவிடும். முதலில் முணுமுணுத்த காளியப்பன், நாளடைவில் ரப்பர் பட்டையைத் தாமே கழற்றி எறிந்தார். நான் மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி முழுமையானதன்று. தகடு சிக்கும்போதெல்லாம் அவர் இயந்திரத்தை நிறுத்தாமலேயே, அச்சு இறங்குகையில் கையை நீட்டலானார். ஒவ்வொரு முறையும் அது நின்றது. முதலில் நிறுத்துங்கள், பிறகு நீட்டுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கு என் சொல்லைவிட அதன் செயலில் நம்பிக்கை மிகுதி. “அது மாமியாருங்க டீச்சர். கையை நீட்டினாப் போதும், பாத்துப்போடும்.” அன்றுமுதல் தொழிற்கூடம் முழுவதும் ஒளிக்கண்ணுக்கு மாமியார் என்பதே பெயராயிற்று.

நல்ல நேரம்

அந்த ஆண்டு தசரா விடுமுறையில் நான் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். ஆயுத பூசையன்று தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவது வழக்கம். காளியப்பனின் மனைவி ருக்குமணி, பிரஸ்ஸுக்கு மாலை சூட்டிச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மாமியாரை விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளும் என்று எல்லோரும் சிரிக்கவே, ஒளிக்கண்ணிலும் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். அன்று மாலையே குடும்பம் ஊருக்குப் பேருந்தேறிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் தகட்டை அழுத்த வேண்டும். பொட்டு ஒளியை மறைத்ததால் இயந்திரம் அசைய மறுத்தது. நல்ல நேரத்தில் இயந்திரம் முடங்குவது அபசகுனம். மாலை வாடுமுன் பொட்டை அழிப்பதும் அபசகுனம். இரண்டையும் தவிர்க்க ஃபிட்டர் மகாதேவா ஒரு வயரை இணைத்து, ஒளிக்கண்ணின் தலையீடு இல்லாமலேயே இயந்திரத்தை ஓட வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஊரிலிருந்து திரும்பிய காளியப்பனிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை. தகடு சிக்கியது, அவர் வழக்கம்போல் கையை நீட்டினார், இயந்திரம் நிற்கவில்லை. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகாதேவா என் முகத்தைப் பாராமல் சொன்னார்: “ஹாரா, அதான் மாலை, வாடட்டும், அப்புறம் வயரை எடுத்துடலாம்னுதான் இருந்தேன் மேடம்.”

உள்ளே ருக்குமணி பொட்டு வைத்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர் பட்டையோடு அத்தனை நாள் பிழைத்த கை காளியப்பனுடையது. இயந்திரத்தில் கண்ணே இல்லாதிருந்தால் அவர் அஞ்சியிருப்பார். இருக்கிறது என்று நம்பியதால் அஞ்சவில்லை.

கால்

காளியப்பன் இப்போது அங்கேயே பொருட்கிடங்கில் வேலை பார்க்கிறார். அடுத்த ஆயுத பூசைக்கு நான் எங்கும் செல்லவில்லை. சந்தனக் கிண்ணத்துடன் பிரஸ்ஸை நெருங்கிய ருக்குமணி, ஒளிக்கண்ணுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டாள். காளியப்பன் கிண்ணத்தை இடக்கையில் வாங்கி, வலக்கையில் எஞ்சிய விரல்களுள் ஒன்றால் தூணின் அடியில் பொட்டு வைத்தார்.

“மாமியாருக்குக் கால்ல வெச்சாப் போதும் புள்ள,” என்றார். “கண்ணு தொறந்தே இருக்கட்டும்.”

எங்கள் தொழிற்கூடத்தில் இன்று எல்லாத் தடுப்புகளும் விதிகளும் முறையாக உள்ளன. ஒரு குறை, அவை யாவும் ஒரு விபத்து அளவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தன.