ஹீனா ஒட்டித் தைத்த புரோகிராம்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷினில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தவள் ஹீனா. தபாலில் கம்ப்யூட்டர் டிகிரி முடித்து, மாடியில் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். நிரந்தரமாக இல்லை, ‘பார்க்கலாம்’ என்ற பேரில். எங்கள் மேனேஜருக்கு எல்லாமே பார்க்கலாம்தான். அந்த நாற்காலி நிலைக்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கள் ஷூவை வாங்கும் ஜெர்மனி கம்பெனி, டிசைன்களைச் சுருக்கிய ஃபைலாக அனுப்பும். அதைப் பிரிப்பது ஒரு தலைவலி, திருத்தி மறுபடி சுருக்கி அனுப்புவது இன்னொன்று. இரண்டையும் ஒரே பட்டனில் செய்ய ஹீனா ஒரு புரோகிராம் எழுதினாள். பிரிக்கும் பகுதியை ஒருவரிடமிருந்தும், சுருக்கும் பகுதியை வேறொருவரிடமிருந்தும் இணையத்தில் இலவசமாக எடுத்தாள். நாங்கள் தோல் பதனிடும் ஒரு டேனரியில் அப்பர் தோலும் இன்னொன்றில் உள்ளே வைக்கும் லைனிங் தோலும் வாங்கி ஒட்டித் தைப்பதில்லையா, அந்தப் பழக்கம். இரண்டும் நல்ல தோலா என்றுதான் பார்ப்போம். ஒன்றோடொன்று சேரச் சம்மதமா என்று தோலை யார் கேட்கிறார்கள்?

ஜெர்மனிக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. தங்களுக்கு ஷூ தைக்கும் மற்ற கம்பெனிகளுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். “குடுத்துட்டா உன் சீட்டு பர்மனென்ட்” என்றார் மேனேஜர். ஹீனா எங்கள் லைன் முழுக்க மக்கன் பேடா கொடுத்தாள்.

பிறகு ஜெர்மனிக்காரர்களுடைய வக்கீலின் பதில் வந்தது. சுருக்கும் பகுதியை எழுதியவர்கள், ‘இதோடு எதைச் சேர்த்துக் கொடுத்தாலும் எங்கள் விதிக்கு மேல் புதிதாகத் தடை போடாதே’ என்கிறார்களாம். பிரிக்கும் பகுதிக்காரர்களோ, ‘இதை வைத்து எங்களுடையது போல் சுருக்கும் புரோகிராம் செய்யாதே’ என்று தடை போட்டிருக்கிறார்கள். சேர்த்தால் இவர்கள் தடை அவர்கள் விதிக்கு மேல் புதுத் தடையாகிவிடும். ரெண்டும் நல்ல வீடுதான், சம்பந்தம் மட்டும் கூடாது. சேர்த்து வெளியே கொடுக்க முடியாது.

மேனேஜர் எங்கள் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார்.

“வெளிய குடுக்கறதுதான் சார் தப்பு. நம்ம கம்பெனிக்குள்ள ஓட்டிக்கலாம்” என்றாள் ஹீனா. “சுருக்கற பார்ட்ட மாத்திடறேன் சார். எதோடயும் சேர்ற மாதிரி வேற ஒண்ணு இருக்குது. ரெண்டு வாரம் குடுங்க.”

“வக்கீல், கேஸு எல்லாம் எனக்கு பேஜாரும்மா. மொத்தத்தையும் அழிச்சுடு. காப்பி ஒண்ணும் வெச்சிக்காத.”

அவருக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புரிந்துகொள்ள மனசில்லை, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹீனா தன் கையாலேயே அழித்தாள். மறுநாள் என் பக்கத்து மிஷினில் வந்து உட்கார்ந்தாள்.

போன வாரம் கட்டிங் சூப்பர்வைசர் தேவசகாயம் ஓடி வந்தார். அவசர ஆர்டர், ஃபைல் பிரியவில்லை, கட்டிங் நின்றுவிட்டது. மேனேஜரும் பின்னாலேயே வந்து, எங்கோ பார்த்தபடி நின்றார்.

“ஹீனா, உன்னோடத ஒரு தடவ போட்டுக் குடும்மா. எங்கனா ஒரு காப்பி வெச்சிருப்ப இல்ல? உள்ளதான ஓட்டப் போறோம், யாரு கேக்கப் போறாங்க?” என்றார் தேவசகாயம்.

“இல்லண்ணா. சார் சொன்னபடி அழிச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு, லைனிங்கை அப்பரோடு சேர்த்துப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள். நான்தான் மிஷினை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தேன்.